போட்டியாளரா, பொருநரா?



நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் ஆண்டு தொடங்கியதுமே போட்டிகளின் பட்டியல் வந்துவிடுகிறது. கதை சொல்லும் போட்டி, பேச்சுப் போட்டி, திருக்குறள் மனனப் போட்டி, கவிதை ஒப்புவித்தல், புதிர்ப் போட்டி, குறுக்கோட்டம், இல்ல விளையாட்டுப் போட்டி என்று அது நீண்டுகொண்டே போகும். பள்ளி நிலை, மாவட்ட நிலை, மாநில நிலை, தேசிய நிலை என்று ஏறிச் செல்லப் படிகளும் உண்டு. 1988ஆம் ஆண்டு தொடங்கி நடைபெற்று வந்த யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. அதன் பிறகு, பிள்ளையின் தகுதியை அளந்து காட்டும் கோலாகப் பெற்றோர் பலர் இப்போட்டிகளையே நாடத் தொடங்கியுள்ளனர் என்பது என் கணிப்பு. எத்தனை 'ஏ' என்று கேட்ட வாய்கள் இன்று எத்தனை கிண்ணம் என்று கேட்கின்றன.

சரி, இப்போட்டிகளில் மேடையேறும் பிள்ளையை நாம் எந்தப் பெயரால் குறிக்கிறோம்? பதிவுப் பாரத்தில் 'போட்டியாளர்' என்று எழுதுகிறோம். முடிந்ததும் கொடுக்கும் சான்றிதழில் 'பங்கேற்பாளர்' என்று அச்சிடுகிறோம். அதே பிள்ளை திடலில் இறங்கி ஓடினால் 'விளையாட்டு வீரர்' என்கிறோம். ஒரே பிள்ளைக்கு ஒரே வாரத்தில் மூன்று பெயர்கள்! மூன்றும் ஒரு பொருளன என்று எண்ணிப் புழங்குகிறோம். ஆனால் மூன்றும் மூன்று வெவ்வேறு நோக்கில் பிறந்தவை. நான் சொல்ல விரும்புவதோ நான்காவது சொல் ஒன்றைப் பற்றி. அதற்கு முன் இம்மூன்றையும் சற்றே பார்த்துவிடுவோம்.

பங்கேற்பாளர் என்றால் பங்கு ஏற்பவர், அவ்வளவே. மலாயில் 'பெசெர்தா' என்கிறோமே, அதன் வேர்ச்சொல்லாகிய 'செர்தா' என்பதற்கு 'உடன்' என்று பொருள். உடன் வந்தவர், சேர்ந்துகொண்டவர். பட்டறைக்கு வந்து கடைசி வரிசையில் அமர்ந்து கண்ணயர்ந்தவரும் பங்கேற்பாளர்தாம். சொல்லில் குற்றமில்லை. ஆனால் பரிசு பெறாத பிள்ளைகளுக்கென்று அச்சிடப்படும் சான்றிதழிலேயே இச்சொல் மிகுதியாக இடம்பெறுவதால், 'பங்கேற்பாளர்' என்றால் 'தோற்றவர்' என்றே பிள்ளைகள் பொருள் கொண்டுவிட்டனர்.

வீரர் என்பது வடமொழிச் சொல். ஓடுபவர், தாண்டுபவர், பந்தடிப்பவர் எல்லாரும் வீரர், சதுரங்கப் பலகையின்முன் அசையாமல் அமர்ந்திருக்கும் பிள்ளையும் வீரர், பெண்பிள்ளையானால் வீராங்கனை. இச்சொல் ஒருவரின் தனிப்பட்ட பண்பைப் பேசுகிறது. எதிரில் ஒருவர் இருக்கிறாரா என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

போட்டியாளர் என்பதில் 'ஆளர்' நமக்குத் தெரிந்த ஈறுதான்: எழுத்தாளர், பேச்சாளர், தொழிலாளர். 'போட்டி' என்னும் சொல்லைச் சங்க நூல்களில் காண முடியாது. தெலுங்கில் அதே சொல் அதே பொருளில் வழங்குகிறது. கன்னடத்தில் 'பைப்போட்டி' என்பர். போடுதல் என்னும் வினையோடு இதைச் சேர்த்துப் பார்ப்போர் உண்டு. 'போட்டி போடுதல்' என்று பேச்சில் இரண்டும் சேர்ந்து வருவதால் அப்படித் தோன்றுவது இயல்பே. போர், பொருதல் ஆகிய சொற்களின் குடும்பத்தில் வைத்துப் பார்ப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எப்படியாயினும், இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழுவது பகைதான். 'அவனுக்குப் போட்டியாக இவன் கடை திறந்தான்' என்னும்போது அங்கே நட்பு இல்லை.

இனி அந்த நான்காவது சொல்லுக்கு வருவோம். பொருநர்.

பொரு + ந் + அர் என்று பகுபதமாகப் பிரிக்கலாம். இதே அமைப்பில் வருவனவே ஓட்டுநர், இயக்குநர், பெறுநர், அனுப்புநர் முதலியன. கடிதம் எழுதக் கற்பிக்கும்போது நாம் அன்றாடம் கரும்பலகையில் எழுதும் சொற்கள். (இவற்றை 'ஓட்டுனர்', 'இயக்குனர்' என்று றன்னகரம் இட்டு எழுதுவது நம் நாளிதழ்களிலும் ஓயவில்லை. பிள்ளைகளைத் திருத்திவிடலாம், நாளிதழ்களை யார் திருத்துவது?) பொரு என்பது வினைப்பகுதி. போர் என்னும் பெயரும் அதிலிருந்து வந்ததே.

இந்தப் 'பொரு' என்னும் வினைக்கு அகராதிகள் தரும் பொருள்களைப் பாருங்கள். போர் செய்தல், மோதுதல், அலை கரையைத் தாக்குதல் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, 'ஒத்தல்' என்றும் ஒரு பொருளைத் தருகின்றன. ஒத்தல் என்றால் நிகராதல். 'பொருவு' என்றால் ஒப்பு. 'பொருவில்' என்றால் ஒப்பில்லாத. அவ்வாறே பொருநன் என்பதற்கும் போர்வீரன் என்ற பொருளோடு, ஒப்பாகச் சொல்லத்தக்கவன் என்ற பொருளும் உண்டு. மோதுபவனுக்கும் நிகரானவனுக்கும் தமிழில் ஒரே பெயர்!

முரணாகத் தோன்றுகிறதா? சற்றே எண்ணிப் பாருங்கள். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் முதலாம் ஆண்டுப் பிள்ளையை ஓட்டத்தில் வென்றுவிட்டு வந்து நின்றால் நாம் கைதட்டுவோமா? அதைப் போட்டி என்று சொல்லக்கூட நமக்கு வாய் வராது. நிகரானவர் எதிரில் நின்றால்தான் மோதல். நிகரில்லாதவரோடு மோதினால் அது வெறும் அடி. ஆக, 'பொருநர்' என்று ஒருவரை அழைத்த அளவிலேயே, அவருக்கு எதிரே அவருக்கு ஈடான இன்னொருவர் இருக்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

நம் அண்டை மொழியாகிய மலாயிலும் இதே சிந்தனை இருப்பது எனக்கு வியப்பளித்தது. போட்டியைப் 'பெர்தண்டிங்கான்' என்கிறோம். 'தண்டிங்' என்பதற்கு இணை, ஈடு என்னும் பொருள் உண்டு. ஒப்பற்றதை 'தியாடா தண்டிங்கான்' என்பர். நம் 'பொருவில்' என்பதற்கு அது நேரான தொடர். இன்னொரு சொல் 'சாயிங்'. 'பெர்சாயிங்' என்றால் இன்று போட்டியிடுதல். ஆனால் உடன் செல்லுதல், ஒருவர்க்கொருவர் பக்கத்தில் நடத்தல் என்னும் பொருளும் அதற்கு உண்டு. கிளந்தான் மலாயில் 'சாயிங்' என்றால் நண்பன்! கிளந்தானில் பணியாற்றிய ஆசிரியர்கள் அச்சொல்லைக் காதாரக் கேட்டிருப்பார்கள்.

கிரேக்கர் வேறு வகையில் சிந்தித்தனர். ஆங்கிலத்தில் நாம் சொல்லும் 'அத்லெட்' அவர்களிடமிருந்து வந்தது; 'அத்லோன்' என்றால் பரிசு. பரிசுக்காகப் போராடுபவர் என்று பொருள். 'ரைவல்' என்பது இலத்தீனிலிருந்து வந்தது. ஒரே ஓடையில் நீர் எடுப்பவர் என்பது அதன் அடிப்படை. வாய்க்கால் தகராறு எல்லா நாட்டிலும் உண்டு போலும். கிரேக்கர் பரிசை வைத்துப் பெயரிட்டனர், உரோமர் பங்காளிச் சண்டையை வைத்துப் பெயரிட்டனர், நாமோ எதிரே நிற்பவரின் தகுதியை வைத்துப் பெயரிட்டோம் என்று சொன்னால் அது மிகையாகாது என நினைக்கிறேன்.

வெறும் அகராதிப் பெருமை பேசுவதாக எண்ணிவிடாதீர்கள். இப்பண்பு பாட்டிலும் இருக்கிறது. புறநானூற்றின் 80, 81, 82ஆம் பாடல்களைச் சாத்தந்தையார் பாடினார். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மற்போர் புரிந்து வென்றதை அவை பாடுகின்றன. பாடலின் அடிக்குறிப்பில் வரும் வினைச்சொல் 'பொருது' என்பதே. போரவை என்னும் அடைமொழியையும் கவனியுங்கள். போர் செய்வதற்கென்று ஓர் அவை!

80ஆம் பாடலில் புலவர் சோழனின் வலிமையைச் சொல்வதற்கு முன்பே, தோற்ற மல்லனின் வலிமையைச் சொல்லிவிடுகிறார். பிறகுதான் ஒரு காலை மார்பில் ஊன்றியும், மறுகாலால் முதுகை வளைத்தும் கிள்ளி அவனை அடக்கிய காட்சி வருகிறது. பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வது போல என்று உவமையும் சொல்கிறார். யானை மூங்கிலோடு போராடுகிறது என்றால் மூங்கிலுக்கும் வலிமை உண்டென்று பொருள். புல்லைப் பிடுங்குவதைப் போல என்று அவர் சொல்லவில்லை.

அப்பாடலில் என்னை மிகவும் கவர்ந்தது வேறோர் இடம். கிள்ளியின் தந்தை தித்தன். தந்தைக்கும் மகனுக்கும் மனக்கசப்பு. அவன் இவனிடம் அன்பு காட்டினாலும் சரி, காட்டாவிட்டாலும் சரி, இந்தக் காட்சியைத் தித்தன் வந்து பார்க்கட்டும் என்கிறார் புலவர். வென்றான் என்ற செய்தி தந்தைக்குப் போய்ச் சேரட்டும் என்று சொல்லவில்லை. மகன் பொருத விதத்தை வந்து காணட்டும் என்கிறார். பெற்றோர்களே, இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருங்கள். பின்னர் இதற்கு வருகிறேன்.

85ஆம் பாடல் நக்கண்ணையார் என்னும் பெண்பாற் புலவர் பாடியது. அவர் கிள்ளியை விரும்பியவர். அன்றும் ஊர் இரண்டுபட்டுத்தான் கிடந்தது. ஒரு சாரார் வெற்றி அவனுடையது என்கின்றனர். ஒரு சாரார் இல்லை என்கின்றனர். இருவர் பேச்சும் நல்லதுதான் என்று சொல்லிவிட்டு, வீட்டருகே பனைமரத்தில் சாய்ந்து நின்று தாமே கண்ட வெற்றியைச் சொல்கிறார். நடுவர் தீர்ப்பைப் பற்றிய சச்சரவு நம் மாவட்ட நிலைப் போட்டிகளில் தொடங்கியதன்று என்பது ஓர் ஆறுதல்.

பொருநர் என்னும் பெயர் கலைஞர்க்கும் உண்டு. போர்க்களத்தைப் பாடுவோர், ஏர்க்களத்தைப் பாடுவோர், பரணி பாடுவோர் என்று அவர்களை வகைப்படுத்துவர். பிறர்போல் வேடம் பூண்டு ஆடுவோர் என்று பொருள் சொல்வாரும் உண்டு. ஒத்தல் என்னும் பொருளிலிருந்து அது வருகிறது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பொருநராற்றுப்படையை முடத்தாமக்கண்ணியார் கரிகாற்சோழன்மீது பாடினார். 248 அடிகள். அதில் நடப்பது என்ன? கரிகாலனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒரு பொருநன், வழியில் இன்னொரு பொருநனைக் காண்கிறான். இருவரும் ஒரே தொழிலினர். ஒரே புரவலனிடம் கையேந்தக் கூடியவர். இவன் அவனுக்கு வழியை மறைக்கவில்லை. தான் போன விதம், தனக்குக் கிடைத்த உணவு, உடை, தேர் எல்லாவற்றையும் விளக்கி, நீயும் போ என்று ஆற்றுப்படுத்துகிறான். பரிசு பெற்றவன் பெறாதவனுக்கு வழி காட்டுவதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த மொழி நம் மொழி.

இப்போது நம் பள்ளி மண்டபங்களுக்குள் நுழைவோம்.

பெயர் சொல்ல வேண்டாத ஒரு மாவட்ட நிலைக் கதை சொல்லும் போட்டியில் நான் பார்வையாளராக அமர்ந்திருந்தேன். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி அழகாகத் தொடங்கினாள். இடையில் ஒரு வரி மறந்துவிட்டது. அவள் கண்கள் நடுவரைப் பார்க்கவில்லை, கேட்போரையும் பார்க்கவில்லை. மண்டபத்தின் பின்வரிசைக்கு ஓடின. அங்கே அவளுடைய ஆசிரியை வாயசைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவள் தாயாரும் அதே சொற்களுக்கு வாயசைத்தார். மூவருக்கும் அந்தக் கதை மனப்பாடம். கதையை எழுதியவர் ஆசிரியை. கையசைவைச் சொல்லிக் கொடுத்தவர் தாயார். நான் எண்ணிக்கொண்டேன்: இங்கே போட்டியாளர் யார்? வேடம் பூண்டு ஆடுபவர் என்ற பொருளில் மட்டுமே அப்பிள்ளையைப் பொருநர் என்று சொல்லலாம். உண்மையில் பொருதவர்கள் பின்வரிசையில் இருந்தனர்.

இதைக் குறையாகப் பலரும் பேசிவிட்டனர். நான் சொல்ல வருவது வேறு. அந்தப் பிள்ளை அன்று பிற போட்டியாளர்களைப் பார்க்கவே இல்லை. நேர்மை கருதி எல்லாரையும் ஓர் அறையில் காத்திருக்க வைக்கின்றனர். எண் அழைக்கப்பட்டதும் ஒவ்வொருவராக மண்டபத்துக்குள் வந்து, சொல்லிவிட்டு, மறு கதவு வழியாக வெளியேறுகின்றனர். வெளியே காத்திருக்கும் பெற்றோர் உணவகத்துக்கு அழைத்துப் போய்விடுகின்றனர். முடிவு அறிவிக்கும்போது திரும்பி வருகின்றனர். 'ஜோஹான்' பெயர் ஒலிக்கிறது. (ஜோஹான் என்பது பாரசீகத்தில் உலகத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். பத்துப் பேரை வென்றதற்கு உலகையே கொடுத்துவிடுகிறோம்.) வென்ற பிள்ளை யாரை வென்றது என்று அதற்குத் தெரியாது. தோற்ற பிள்ளை எதனால் தோற்றது என்று அதற்கும் தெரியாது. பொருநரைக் காணாமலே ஒரு பொருதல்!

ஓட்டப் பந்தயத்தில் இப்படி நேராது. பக்கத்துத் தடத்தில் ஓடுபவளின் மூச்சொலி கேட்கும். அவள் முந்தினால் தன் கால்களும் விரையும். தனியாக ஓடும்போது எட்ட முடியாத வேகத்தைத் துணையோடு ஓடும்போது எட்டுவது பயிற்றுநர் எல்லாரும் கண்டதுதான். பேச்சுக்கும் கதைக்கும் அந்தத் துணையை நாமே மறுத்துவிடுகிறோம்.

சிறுவர்களுக்குப் போட்டியே வேண்டாம், அது மனத்தைப் புண்படுத்துகிறது என்று சில ஆசிரிய நண்பர்கள் வாதிடுகின்றனர். அவர்கள் பரிவை மதிக்கிறேன், கருத்தை ஏற்பதற்கில்லை. நிகரான ஒருவரை எதிரில் சந்திக்காமல் வளர்ந்த பிள்ளைக்குத் தன் உயரம் தெரியாது. புண்படுத்துவது தோல்வியன்று, தோல்வியை வீட்டுக்குக் கொண்டு போகும்போது அங்கே காத்திருக்கும் கேள்விதான். மறுபுறம், உலகமே போட்டி மயம், ஆகவே பிள்ளை இப்போதே வெல்லப் பழக வேண்டும் என்று சொல்லும் பெற்றோரும் உள்ளனர். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வெல்லப் பழக்குகிறீர்களா, அல்லது பிறர் எழுதியதை ஒப்புவிக்கப் பழக்குகிறீர்களா?

பாரத்தில் உள்ள 'போட்டியாளர்' என்னும் சொல்லை அடித்துவிட்டுப் 'பொருநர்' என்று எழுதுங்கள் என்று நான் கோரவில்லை. அது நடக்கவும் நடக்காது. பழகிய சொல் இருக்கட்டும். ஆனால் அச்சொல்லுக்குள் பழைய பொருளை ஊற்றிக்கொள்ளலாம் அல்லவா? தம் பகுதியைச் சொல்லி முடித்த பிள்ளை உள்ளேயே அமர்ந்து, தனக்குப் பின் வருவோரைக் கேட்கட்டும். இதனால் எந்த விதியும் மீறப்படாது. பெற்றோர்களே, உணவகம் எங்கேயும் ஓடிவிடாது. மகிழுந்தில் திரும்பும்போது, 'எத்தனையாவது இடம்?' என்பதற்கு முன்னால், 'உனக்கு எதிராகப் பேசியவர்களில் யார் பேச்சு உனக்குப் பிடித்தது?' என்று கேட்டுப் பாருங்கள். தித்தன் வந்து பார்த்திருந்தால் மகனிடம் அதைத்தான் கேட்டிருப்பான் என்று நான் கற்பனை செய்துகொள்வதுண்டு.

எங்கள் பள்ளி நிலைப் பேச்சுப் போட்டியில் இரண்டு ஆண்டுகளாக ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்துள்ளோம். தலைப்பை அரைமணி நேரத்துக்கு முன்புதான் தருகிறோம். எழுதிக் கொடுக்க ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் வாய்ப்பில்லை. பேசி முடித்தவர் அங்கேயே அமர்ந்து மற்றவர் பேச்சைக் கேட்க வேண்டும். இறுதியில் ஒவ்வொருவரும் வேறொருவரின் பேச்சிலிருந்து தாம் எடுத்துக்கொண்ட ஒன்றை ஒரு வரியில் எழுத வேண்டும். முதலாண்டு பேச்சுகள் தடுமாறின, அதை மறைப்பதற்கில்லை. இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டு இறங்கிய பிள்ளைகளும் உண்டு. ஆனால் எழுதிய வரிகள் தடுமாறவில்லை. மூன்றாம் இடம் பெற்ற ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், 'நான் சத்தமாகப் பேசிய இடத்தில் அவள் பேசாமல் நின்றாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள்' என்று எழுதியிருந்தான். குரல் ஏற்ற இறக்கத்தைப் பற்றி நான் ஓராண்டு சொல்லியும் அவன் காதில் ஏறாத பாடம் அது.

இவ்வாண்டு அடுத்த படியாக, அண்டைப் பள்ளி ஒன்றிலிருந்து அவர்களுடைய பேச்சாளர்களை அழைத்து, மாவட்ட நிலைக்கு முன் இரண்டு சனிக்கிழமைகள் சேர்ந்து பயிற்சி செய்யலாம் என்று முடிவெடுத்துள்ளோம். அப்பள்ளி ஆசிரியர்களும் இசைந்துவிட்டனர். நம் நுணுக்கங்களையெல்லாம் அவர்கள் கற்றுக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது ஐயா என்று பெற்றோர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து கேட்டார். அதற்காகத்தான் அழைக்கிறோம் என்றேன். அவர் அமர்ந்துவிட்டார், ஆனால் முகம் இன்னும் தெளியவில்லை. முதல் சனிக்கிழமைக்கு அவரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.